கொரிய உறைப்பும் கல்முனைச் சட்டியும்

கல்முனைப் பஸாரில் 'கொரியன் சாப்பாடு இருக்கா?' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது ஒரு நூடில்ஸ் பொதியைத்தான். கறுப்புப் பொதி, அதன்மேல் வாயால் நெருப்புக் கக்கும் கோழி. சம்யாங் கம்பனியின் 'புல்டக்'. சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். ரியூஷன் விட்டு வரும் வழியில் வாங்கி, வீட்டில் அவித்து, கண்ணீர் வடிய வடியத் தின்று, அதைக் கைபேசியில் பிடித்துக் கூட்டாளிமாருக்கு அனுப்புகிறார்கள். 'வயிறு புண்ணாகிப் போகும்' என்று உம்மாமார் ஏசுகிறார்கள். 'இதைவிட ருசியான சாமான் இல்லை' என்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்ப்பது உறைப்பை மட்டும்தான். அதனால் இரண்டு பக்கத்துத் தீர்ப்பும் பிழைத்துப்போகிறது. ஒரு சாப்பாட்டை நல்லது, கெட்டது என்று சொல்லவேண்டுமானால், அந்த உறைப்போடு சேர்ந்து கிண்ணத்துக்குள் என்னென்ன வருகின்றன என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கும்போது 'கொரிய உறைப்புச் சாப்பாடு' என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பண்டங்கள் கிடப்பது தெரியும். பொதி நூடில்ஸ் ஒன்று. அரிசிக் குழாய்களைச் சிவப்புக் குழம்பில் வேகவைக்கும் தொக்பொக்கி இன்னொன்று. மென்மையான சோயாக் கட்டியும் மட்டியும் முட்டையும் கொதிக்கும் 'சுந்துபு ஜிகே' என்ற சட்டிக்கறி மூன்றாவது. கொரிய வீடுகளில் குளிர் நாளிலும் களைத்துப்போன நாளிலும் மனம் தேடுகிற சாப்பாடுகளில் இந்த மூன்றுக்கும் இடமுண்டு. நம் கரைக்கு வந்து சேர்ந்தது முதலாவது. வரவேண்டியது மூன்றாவது என்பதே என் வாதம்.

முதலில் உறைப்பைப் பற்றிய பயத்தை ஒரு கை பார்த்துவிடலாம். கொச்சிக்காய் நமக்கும் கொரியருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடியைப் போர்த்துக்கேயக் கப்பல்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. கொரியாவுக்கு அது 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பை ஒட்டிய காலத்தில் போய்ச் சேர்ந்தது என்பது பரவலான கருத்து. நம் சமையலிலும் அதற்கு முந்திய உறைப்பெல்லாம் மிளகால் வந்ததுதான். ஆகவே இரண்டு நாட்டுக்கும் கொச்சிக்காய்ப் பழக்கம் நானூறு வருடத்துச் சொத்து. கொரியன் உறைப்பு நம் உடம்புக்கு அந்நியம் என்ற பேச்சில் பொருளில்லை.

கொச்சிக்காயில் உறைப்பது கப்சைசின் என்ற இரசாயனம். சூட்டை உணர்வதற்காக நரம்பு நுனிகளில் இருக்கும் ஒரு புரதத்தை அது தட்டி எழுப்புகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வாய் உண்மையில் வேகவில்லை. வேகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது, அவ்வளவுதான். வியர்வையும் மூக்கு ஒழுகலும் அந்தச் செய்திக்கு உடம்பு கொடுக்கும் பதில்கள். தின்று முடிந்த பிறகு வரும் இலேசான மனநிறைவும் அதோடு சேர்ந்ததே. கப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் உறைத்த வாய்க்குக் குளிர்தண்ணீர் உதவாது. பாலும் தயிரும் உதவும். எருமைத் தயிர்ச் சட்டி எல்லா வீட்டிலும் புழங்குகிற இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

வயிற்றுப் புண்ணைப் பொறுத்தவரை உம்மாமாரின் கணிப்பு பாதிதான் சரி. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவும், கணக்கில்லாமல் விழுங்கும் வலி மாத்திரைகளும். அந்தப் பக்டீரியாவைக் கண்டுபிடித்த பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொச்சிக்காய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே புண்ணோ நெஞ்செரிவோ உள்ளவருக்கு அது வேதனையைக் கூட்டும். அவர்கள் உறைப்பை ஒதுக்குவதே நல்லது.

மிச்சமிருப்பது அளவு. டென்மார்க்கின் உணவு அதிகாரசபை 2024 ஜூன் மாதம் சம்யாங்கின் மூன்று வகை நூடில்ஸைச் சந்தையிலிருந்து திருப்பி எடுக்கச் சொன்னது. ஒரு பொதியில் உள்ள மொத்தக் கப்சைசின் பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம் என்பது காரணம். மறுபடி கணக்குப் பார்த்து, ஜூலையில் இரண்டு வகைக்குத் தடையை நீக்கி, மும்மடங்கு உறைப்புள்ள ஒன்றை மட்டும் தடையிலேயே வைத்தது. எல்லாவற்றையும் தடுக்கவும் இல்லை, எல்லாவற்றையும் விடவும் இல்லை. பார்க்கவேண்டிய முறை அதுதான். சாதாரண புல்டக்கின் உறைப்பு ஸ்கோவில் அளவில் 4,404 என்று கம்பனி சொல்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் சின்னக் கொச்சிக்காய் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உறைக்கும். ஆனால் கொச்சிக்காயை நாம் ஒரு சட்டி ஆணத்தில் போட்டு ஆறேழு பேர் சோற்றோடு பிசைந்து தின்கிறோம். பொதியின் குழம்பு முழுவதையும் ஒரே பிள்ளை வெறும் வயிற்றில் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கிறது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் அந்தப் பொதியைக் கொடுப்பது தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வளர்ந்த, சுகமான ஒருவருக்கு உறைப்பு ஒரு குற்றமல்ல.

இப்போது பொதியைப் பின்பக்கம் திருப்பிப் படிப்போம். புல்டக் பொதி 140 கிராம். அதில் ஏறக்குறைய 530 கலோரி, 12 கிராம் புரதம், 16 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோடியம் 1,280 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஏற்றுமதியாகும் நாட்டைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆகவே கையிலுள்ள பொதியையே படிப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு விதிக்கும் எல்லை 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரு பொதியில் பாதி நாளின் உப்புக்கு மேலே போய்விடுகிறது. காலையில் பாணும் மாசிச் சம்பலும், பகலில் கருவாட்டுக் கறியும் தின்கிற ஊரில் மிச்சம் எந்த மூலைக்குக் காணும்?

பன்னிரண்டு கிராம் புரதம் என்பது எழுத்தில் பார்க்கக் கொஞ்சம் தைரியம் தரும். அதில் பெரும்பகுதி கோதுமை மாவின் புரதம். லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. வளர்கிற பிள்ளைக்கு முட்டையோ மீனோ பருப்போ செய்கிற வேலையை அது செய்யாது. காய்கறி என்று சொல்லத்தக்கதும் பொதியில் இல்லை. பொரித்துக் காயவைத்த மாவு, சீனி கலந்த குழம்பு, எண்ணெய், உப்பு. முழு விடயமும் இவ்வளவுதான்.

கொரியாவே இதைப் பற்றிக் கவலைப்பட்டு ஆராய்ந்த நாடு. அங்கே ஆளுக்கு வருடத்துக்கு 75 பொதிக்கு மேல் உடனடி நூடில்ஸ் தின்கிறார்கள். 10,711 கொரியர்களின் உணவுத் தரவை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வாரம் இரண்டு தடவையோ அதற்கு மேலோ நூடில்ஸ் தின்னும் பெண்களிடம் இடுப்புக் கொழுப்பு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் சேர்ந்து கெடும் நிலை அதிகமாக இருப்பதைக் காட்டியது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, நூடில்ஸ்தான் காரணம் என்று நிறுவிவிடவில்லை. ஆண்களிடம் அதே தொடர்பு தெரியவுமில்லை. ஆனாலும், நம் ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அதிக நேரம் இருக்கிறார்கள், உடற்பயிற்சிக்கு இடமும் குறைவு. அவர்களுக்கு இந்தச் செய்தி அலட்சியப்படுத்தக்கூடியதல்ல.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். கொரியாவில் உடனடி நூடில்ஸ் பிறந்தது வேடிக்கைக்காக அல்ல. கொரிய யுத்தம் முடிந்து பத்து வருடம் ஆகியும் பசி தீராத நாட்டில், மலிவாக வயிற்றை நிரப்ப ஒரு வழி தேடித்தான் சம்யாங் 1963இல் முதல் பொதியை வெளியிட்டது. பசித்தவனுக்கு அது உண்மையான உதவி. 2012இல் வந்த புல்டக் வேறு தேவைக்குப் பிறந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு ஒரு சவால் வேண்டியிருந்தது. அதை அது கொடுத்தது. இன்று கல்முனையில் ஒரு பொதியின் விலைக்குப் பல முட்டைகள் வாங்கலாம் என்ற நிலையில், மலிவு என்ற பழைய நியாயமும் அதற்கு இல்லாமல் போகிறது.

ருசியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் என் தீர்ப்பு பெரிதாக மாறாது. முதல் நாலைந்து வாய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. தடித்த, வழுக்குகிற நூடில்ஸ். சோயாவின் கரிப்பும் சீனியின் இனிப்பும் கலந்து வந்து, அதற்குப் பின்னால் மெதுவாக ஏறுகிற உறைப்பு. அந்த ஏற்றத்தைக் கணக்குப் பார்த்துச் செய்த கைகளைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நாக்கு மரத்துப்போகிறது. இனிப்பும் தெரியாது, கரிப்பும் தெரியாது. தின்று முடிப்பது ஒரு வீம்பு. பிள்ளைகள் வெல்ல விரும்புவது அந்த வீம்பைத்தான். ருசி முதல் கால்வாசியிலேயே முடிந்துபோயிருக்கும்.

நோன்பு மாதத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஸஹருக்கு அவசரமாக அவிக்கத் தோதானது என்று பிள்ளைகள் இதைத் தேடுவார்கள். இவ்வளவு உப்பை விடியற்காலையில் உள்ளே தள்ளினால் பகல் முழுக்கத் தாகம்தான் கூலி.

ஹலால் விடயத்தில் புல்டக்கின் ஏற்றுமதி வகைகள் பலவற்றுக்குச் சான்று உண்டு. கொரிய முஸ்லிம் சம்மேளனமும் பின்னர் இந்தோனேசிய உலமா சபையும் கொடுத்தவை. ஆனால் கொரியாவின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த பொதியும் ஏற்றுமதிப் பொதியும் ஒன்றல்ல. அங்கே வேலைக்குப் போய்த் திரும்புவோர் பெட்டிக்குள் கொண்டுவரும் பொதியில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். பெயரைப் பார்த்து வாங்காமல் முத்திரையைப் பார்த்து வாங்கவேண்டும்.

தொக்பொக்கியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அரிசி மாவை அவித்து இடித்து விரல்போல உருட்டிய குழாய்களை, கொச்சுஜாங் என்ற புளித்த கொச்சிக்காய்க் களியில், சீனியோடு கொதிக்கவைப்பது. பழைய அரண்மனைச் சமையலில் இது சோயாச் சாற்றில் செய்யப்பட்ட, உறைப்பில்லாத பண்டம். இன்றைய சிவப்பு வடிவத்தை 1953இல் சோல் நகரின் சிந்தாங் பகுதியில் மா பொக்ரிம் என்ற பெண் தெருவோரத்தில் விற்கத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள். மெல்ல மெல்லச் சுகமாக இருக்கும், பகிர்ந்து தின்னச் சந்தோசமாக இருக்கும். ஊட்டம் என்று பார்த்தால் மாச்சத்தின் மேல் சீனி, சீனியின் மேல் உப்பு. சோறு, புட்டு, இடியப்பம், ரொட்டி என்று மூன்று வேளையும் மாச்சத்தே தட்டை ஆளுகிற நமக்கு நாலாவதாக ஒன்று வேண்டாம். 2018–19இல் நாடளாவிய ரீதியில் நடந்த சுகாதார ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. எப்போதாவது நாலு பேர் சேர்ந்து ஒரு தட்டு. அதற்குமேல் இதற்கு இடம் கொடுக்க நான் தயாரில்லை.

இனி சுந்துபு ஜிகே. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான்.

அடுப்பில் ஒரு சின்ன மண்சட்டி. எண்ணெய் விட்டு, இளஞ்சூட்டில் உள்ளியும் வெங்காயமும் கொரியக் கொச்சிக்காய்த் தூளும் போட்டு எண்ணெய் சிவக்கும்வரை வதக்குவார்கள். காய்ந்த நெத்தலியையும் கடற்பாசியையும் அவித்து வடித்த சாற்றை அதில் ஊற்றுவார்கள். மட்டி, சில நேரம் இறால் அல்லது மாட்டிறைச்சித் துண்டு, கொஞ்சம் காளான், பூசணி வகைக் காய். கொதித்ததும், அழுத்தி நீர் வடிக்காத மென்மையான சோயாக் கட்டியை அகப்பையால் பெரிய பெரிய துண்டாக அள்ளிப் போடுவார்கள். இறக்கும்போது ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் சட்டியின் சூட்டிலேயே அது வேகும். மேசைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வெள்ளைச் சோறு.

இதை வாசிக்கிற கல்முனைக்காரர் யாருக்கும் இது வேற்றுக் கிரகத்துச் சமையலாகத் தோன்றாது. மண்சட்டி நம்முடையது. நெத்தலிக் கருவாடு நம் கரையில் காய்வது. மாசி போட்டுச் சாற்றுக்கு ருசி ஏற்றுகிற கைக்கு நெத்தலிச் சாறு புதிதல்ல. உறைப்பும் கடல்வாடையும் சோறும் சேர்கிற இடத்தில்தான் நம் நாக்கும் வளர்ந்தது. கொரிய நாடகங்களால் இந்த ஆசை வந்தது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மையுண்டு. அரண்மனைச் சமையல்காரி ஒருத்தி வைத்தியராக உயர்கிற கதையான 'தே ஜாங் கும்' 2012இல் 'சுஜாதா தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் ரூபவாஹினியில் ஓடியபோது, நாடு முழுக்க வீடுகள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தன. ஆனால் நாடகம் கதவைத் திறக்கலாம். ஒரு சாப்பாடு ஊரில் தங்கவேண்டுமானால் அந்த ஊரின் நாக்கு அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். சுந்துபுவை இந்தக் கரையின் நாக்கு ஏற்றுக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன்.

கொரியாவின் கிழக்குக் கரையில் கங்நுங் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள சோதாங் கிராமத்தின் சோயாக் கட்டிக்கு நாடு முழுக்கப் பெயர். சோயாப் பாலைத் திரளவைக்க அங்கே கடல்நீரைப் பயன்படுத்துகிறார்கள். கடற்கரை மனிதர் கைக்கெட்டியதைக் கொண்டு ஒரு சத்தான பண்டத்தை உண்டாக்கிய கதை அது. சுந்துபு சட்டிக்கறியை உலகத்துக்குக் கொண்டுபோனதில் கொரியாவை விட்டுப் போனவர்களுக்கும் பங்குண்டு. லொஸ் ஏஞ்சலிஸில் லீ ஹீசுக் என்ற கொரியப் பெண் 1996இல் தொடங்கிய 'புக்சாங்தொங்' சாப்பாட்டுக்கடை அதை அமெரிக்காவில் பலரும் அறிந்த பெயராக்கியது.

சத்தை நிறுத்துப் பார்ப்போம். நூறு கிராம் மென்சோயாக் கட்டியில் 5 கிராமளவு புரதமும் 55 கலோரியளவு சக்தியும் இருக்கும். ஒரு சட்டிக்கு 300 கிராம் போனால் 15 கிராம் புரதம். முட்டையில் 6 கிராம். மட்டியும் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டில் 25 கிராமைத் தொடலாம். நூடில்ஸ் பொதி தருவதைப்போல இரண்டு மடங்கு, தரத்திலும் மேல். ஏனென்றால் சோயாவின் புரதத்தில் உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் உண்டு. சோயாவை நாம் அறியாதவர்களும் அல்ல. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவில் சோளத்தோடு சேர்வது சோயாதான். மட்டியில் விற்றமின் பி12 ஏராளம். தேங்காய்ப்பால் இல்லாததால் நிறைவுற்ற கொழுப்புக் குறைவு. வயிறு நிறையும், ஆனால் பாரமாக இராது. காய்ச்சலில் எழும்பியவருக்கும் வயதானவருக்கும் மெல்லக் கஷ்டமில்லாமல் புரதம் உள்ளே போக இதைவிட இலகுவான வழிகள் சிலவே. அவர்களுக்கு உறைப்பைக் குறைத்தால் போதும்.

இதன் பெரிய குறை உப்பு. கடைகளில் கிடைக்கும் ஒரு சட்டியில் சோடியம் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது வழமை. இந்தக் குறையை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அது திறனாய்வாகாது. பொதிக்கும் சட்டிக்கும் இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பொதியின் உப்பைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. சட்டியின் உப்பைச் சமைக்கிற கை தீர்மானிக்கிறது. கொரியர் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். 2010இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4,800 மில்லிகிராமளவில் இருந்த சோடியத்தை, அரசும் பாடசாலைகளும் சாப்பாட்டுக்கடைகளும் சேர்ந்து நடத்திய இயக்கத்தால் பத்து வருடத்தில் ஏறக்குறைய 3,200க்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் எல்லைக்கு மேலேதான் நிற்கிறார்கள், ஆனால் இறங்குகிறார்கள். உப்பில் ஊறிய இரைப்பைக்குப் புற்றுநோய் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த நாடு பட்டு அறிந்திருக்கிறது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். 'நம்மிடம் மீன் ஆணம் இருக்கிறது, புளியாணம் இருக்கிறது, நோன்புக் கஞ்சி இருக்கிறது. கொரியாக்காரன் சட்டி நமக்கு எதற்கு?' இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சூடை மீனிலும் சாளை மீனிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பு சோயாக் கட்டியில் அப்படிக் கிடையாது. கீரைச் சுண்டலோடு வைக்கும் நல்ல மீன் ஆணத்தைச் சுந்துபு தோற்கடிக்காது. சம தட்டில் நிற்கும், சில இடங்களில் ஒரு படி கீழே நிற்கும். பிரச்சினை நம் ஆணத்தில் இல்லை, நம் தட்டில் இருக்கிறது. தட்டில் சோறு மலையாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு துண்டு மீன். ஆணம் சோற்றை உள்ளே தள்ளுகிற வேலையைச் செய்கிறது. சுந்துபு உண்கிற முறையில் சட்டிதான் சாப்பாடு, சோறு அதற்குத் துணை. நாம் படித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒழுங்கை. இன்னொன்றும் உண்டு: நம் பிள்ளைகள் வீட்டு ஆணத்தை விட்டுப் பொதிக்குப் போய்விட்டார்கள். அவர்களை ஏசித் திருப்பமுடியாது. அவர்கள் விரும்புகிற அதே நாட்டுச் சாப்பாட்டிலிருந்து அதைவிட நல்ல ஒன்றைக் கையில் கொடுத்தால் திரும்புவார்கள்.

ஹலால் பக்கத்தில் சுந்துபுவுக்குத் தடை குறைவு. கிம்ச்சிச் சட்டிக்கறியில் பன்றியிறைச்சி போடுவது கொரிய வழக்கம். சுந்துபுவைக் கடலுணவோடு செய்வது அங்கேயே சகஜம். நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் மட்டிக்கும் இறாலுக்கும் தடையில்லை. கொச்சுஜாங் வாங்குவோர் மட்டும் கவனிக்கவேண்டும்: தொழிற்சாலைக் கொச்சுஜாங் பலவற்றில் கெடாமல் இருக்க மதுசாரம் சேர்க்கிறார்கள். ஹலால் முத்திரை உள்ளதும் சந்தையில் உண்டு. சுந்துபுவுக்கு அந்தக் களியே தேவையில்லை, தூள் போதும்.

இந்தக் கரையில் செய்வதானால் சில மாற்றங்கள் வேண்டும். கொரியத் தூள் விதை நீக்கியது. நிறம் கூடும், உறைப்புக் குறையும். நம் செத்தல் கொச்சிக்காய்த் தூளை அதே அளவு அள்ளிப் போட்டால் சட்டியைத் தொடமுடியாது. விதையைத் தட்டிவிட்டு இடித்து, அரைப் பங்கு போட்டால் நிறமும் வரும், வாயும் தாங்கும். நெத்தலிக் கருவாட்டை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழற்றவேண்டும்; அதன் பிறகு தனி உப்பே தேவைப்படாது. மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு மண் கக்கவிடவேண்டும். ஊர்க் கழிவு விழுகிற வாய்க்கால் பக்கத்தில் பொறுக்கிய மட்டி வேண்டவே வேண்டாம். இறால் போதும், கணவாயும் நன்றாகவே இருக்கும். சோயாவோ மட்டி, இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் தள்ளியிருக்கவேண்டும்.

உண்மையான இடைஞ்சல் சோயாக் கட்டிதான். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் கிடைப்பது அழுத்திய, கட்டியான வகை, மென்மையானது அரிது. வீட்டில் செய்யலாம். சோயா அவரையை இரவு ஊறவைத்து, அரைத்து, வடித்து, பாலை நன்றாகக் கொதிக்கக் காய்ச்சி, அடுப்பை அணைத்துத் தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் திரளும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, ஆகவே கொதிக்கவைப்பதில் அவசரம் கூடாது. இப்படித் திரண்டது கொரியக் கட்டியைப்போல வழுவழுப்பாக இராது, இலேசாகப் புளிக்கும், கொஞ்சம் உதிரும். அதைக் குறையென்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புளியாணம் குடித்த வாய்க்கு அந்தப் புளிப்பு உவப்பாகவே இருக்கும். தேசிக்காயின் விற்றமின் சி, உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரவும் ஓரளவு உதவலாம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் அந்த உதவியைக் கெடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம்.

சோயாக் கட்டிக்குத் தனியே ருசியில்லை, பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது இன்னொரு பேச்சு. ருசியில்லை என்பது மெய். அந்த வெறுமை இந்தச் சட்டியில் ஒரு பலமாகிறது. உறைப்பும் நெத்தலிச் சாறும் ஏறிய குழம்புக்கு நடுவே, ஒவ்வொரு வாயிலும் நாக்கு ஒரு கணம் இளைப்பாற அது இடம் கொடுக்கிறது. அதனால்தான் கடைசி வாய்வரை ருசி தெரிகிறது. புல்டக்கில் நாலாம் வாயோடு செத்துப்போகிற ருசி இங்கே சட்டி காலியாகும்வரை உயிரோடு இருக்கிறது. உறைப்பை ஆளத் தெரிந்த சமையலுக்கும் உறைப்பால் ஆளப்படுகிற சமையலுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கே சொல்லிவிடும். பொதியையும் சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்ற பிறகு எனக்கு இதில் சந்தேகம் மிஞ்சவில்லை.

இவ்வளவையும் நிறுத்தபின் என் தீர்ப்பு இது. புல்டக் பொதி வளர்ந்தவருக்கு மாதத்தில் ஒரு நாள் வேடிக்கைக்கு ஆகலாம். அன்றைக்கும் குழம்பில் பாதியை ஒதுக்கி, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கீரையும் சேர்த்துத் தின்னவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும், இரத்த அழுத்தமோ நெஞ்செரிவோ உள்ளவர்களுக்கும் அது வேண்டாம். தொக்பொக்கி பெருநாள் போன்ற நாளில் கூட்டத்தோடு பகிர்ந்துகொள்ளும் தீன். சுந்துபு சட்டி வாரத்தில் ஒரு இரவு நம் வீட்டு அடுப்பில் ஏறத் தகுதியானது, உப்பைக் கையில் பிடித்துப் போட்டால்.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் புதிதாக முளைக்கிற சாப்பாட்டுக்கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கொரியன்' என்று பலகை போடுவதானால் பொதி நூடில்ஸை அவித்து மேலே சீஸ் தூவி விற்பதோடு நின்றுவிடாதீர்கள். நெத்தலிச் சாற்றில், நம் இறாலும் முட்டையும் போட்டு, ஒரு சுந்துபு சட்டியை உங்கள் பட்டியலில் வையுங்கள். பிள்ளைகள் கேட்டு வருவார்கள். அவர்களோடு உம்மாமாரும் வருவார்கள்.